பெயர் ஒட்டிய ஃபேடர்

"கிட்டார இன்னும் கொஞ்சம் ஏத்து, பிரிட்டோ" என்றான் எழிலன். இருவரும் கல்லூரிக் காலத்திலிருந்து ஒரே ராக் பேண்டில் இருப்பவர்கள்; கிட்டார் வாசிப்பது எழிலன். ஸ்டுடியோவில் பதிவான பாட்டை ஓடவிட்டு, எழிலன் சொன்ன திருத்தங்களையெல்லாம் பிரிட்டோ முகம் சுளிக்காமல் செய்துகொண்டிருந்தான். ஒலி மிக்ஸரில் எழிலனின் பெயரை டேப்பில் எழுதி ஒட்டியிருந்த, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை விரலால் மெல்ல மேலே தள்ளினான். எழிலன் கண்ணை மூடிக் கேட்டான். "இப்ப சரி. அந்தக் கடைசி இழுப்பு இருக்கே, அது என் விரலுக்கு மட்டுந்தான்டா வரும்." பிரிட்டோ டீ வாங்கப் போனான். இன்னும் ஒரு நூல் ஏற்றிப் பார்க்கலாமென்று கை வைத்த எழிலன், தவறி ஃபேடரை அடிவரை இழுத்துவிட்டான். கிட்டார் நிற்கவில்லை. துளிகூடக் குறையவில்லை. அப்போதுதான் தன் பெயருக்கு மேலே, ஒலி அடைக்கப்பட்டிருப்பதைக் காட்டும் மியூட் விளக்கு சிவப்பாக எரிவதைப் பார்த்தான். ஓரத்தில் பெயர் ஒட்டாத ஃபேடர் ஒன்று இருந்தது. அதை இறக்கியதும் கிட்டார் அடங்கியது. ஏற்றியதும் யாரோ ஒருவனின் விரல் அந்தக் கடைசி இழுப்பை இழுத்தது. அருமையாக இழுத்தது. கதவுச் சத்தம் கேட்டதும் எல்லாவற்றையும் பழைய இடத்திலேயே வைத்தான்.

"கிட்டார் போதுமாடா?" என்று டீயை நீட்டினான் பிரிட்டோ.

"இன்னும் கொஞ்சம் ஏத்து" என்றான் எழிலன், இந்த முறை கண்ணை மூடாமல்.

பிரிட்டோவின் விரல் பெயர் ஒட்டிய ஃபேடரை மெல்ல மேலே தள்ளியது. "இப்ப?"