எட்டடிப் பலகை

“எட்டடிப் பலகையா? புதுசா ஏறுறவருக்குப் பத்தடியாவது வேணும். இதுல ஏறினதும் கவுந்துடுவாருண்ணே!” நின்றபடி துடுப்புப் போட்டு அலையில் சறுக்கும் பலகைகள் விற்கும் கடையில் லெயானா கத்தினாள்.

“நீ சும்மா இரு! சின்னதுதான் அலையில சட்டுனு திரும்பும். தம்பி, இதையே எடுத்துக்க,” என்று அவள் அண்ணன் கெகோவா, ஊருக்குப் புதியவனான பிரெண்டனிடம் பலகையைத் திணித்தான். பெரிய பலகை கிடைத்தால் ஹவாயின் மக்காஹா கடற்கரை அலையெல்லாம் இவன் துடுப்புக்கே போய்விடுமே!

பிரெண்டன் தினமும் விழுந்தான். கெகோவா கரையிலிருந்து கைதட்டினான். அவன்மேல் இரக்கப்பட்டு லெயானா, கூடவே போய் பலகையில் நிற்கக் கற்றுக்கொடுத்தாள்.

டிசம்பரில் அவர்கள் இருவருக்கும் கல்யாணம். கழுத்தில் மாலையோடு, மாப்பிள்ளை அதே பலகையில் பேரலையொன்றை அசையாமல் ஓட்டி வந்தான்.

“எப்படா கத்துக்கிட்டே?” என்று கேட்டான் கெகோவா.

“எங்க ஊர்ல மூணு கோப்பை ஜெயிச்சது இந்த அளவுப் பலகையிலதான், மச்சான். விழாம நின்னிருந்தா உங்க தங்கச்சி வந்திருப்பாளா?”

மக்காஹாவில் இனித் தனக்கு ஓர் அலையும் மிஞ்சாதென்று, மறுமாதமே கெகோவா பக்கத்து மவியித் தீவுக்குக் குடிபோய்விட்டான்.