கராஜுக்கு ஒரு லைன்

மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, டெஸ்டரை மூன்றாவது முறையும் வைத்துப் பார்த்தேன்.

கரண்ட் இல்லை என்பது முதல் முறையே தெரிந்துவிட்டது.

கட்டிலில் இருந்து விஜேந்திரன் அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இடுப்புக்குக் கீழே அசைவில்லாத மனிதர். அவர் கண் மட்டும் என் கையை விட்டு நகரவில்லை.

பசறையில் மர்ஸூக் முதலாளி வீட்டு முற்றத்தின் மறுகோடியில் தனியாக நிற்கிற கராஜ் அது. லொறியை விற்றபின் சும்மா கிடந்ததைச் சுண்ணாம்பு அடித்து அண்ணனுக்குக் கொடுத்திருந்தார். மடுல்சீமையில் அண்ணனுடைய தோட்டத்து லயத்து வீட்டுக்கு ஏற அறுபது படி. சக்கர நாற்காலி ஏறாது.

அண்ணன் லைன்மேன்.

போன புயலில் நான்கு நாள் ஊரே இருண்டு கிடந்தபோது, லைனை நிறுத்திவிட்டுத்தான் கரண்ட் போஸ்டில் ஏறினார். கீழே ஒரு வீட்டில் ஜெனரேட்டரைப் போட்டு, அதன் வயரைச் சுவரில் இருந்த ப்ளக்கிலேயே செருகிவிட்டார்கள். அந்தக் கரண்ட் வீட்டோடு நிற்கவில்லை. மீட்டர் வழியாகத் திரும்பிப் போய், செத்துக் கிடந்த லைனில் ஏறியது.

அண்ணன் விழுந்தார். முதுகெலும்பு போய்விட்டது.

வீட்டுக்காரர்கள் சொல்லாததால், அந்த வயரை மாட்டிக் கொடுத்தது யார் என்று பொலிஸுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

இப்போது அவர் படுத்திருப்பது காற்று மெத்தையில். மோட்டர் நின்றால் மெத்தை இறங்கும். இறங்கினால் முதுகு புண்ணாகும், புண் வந்தால் ஆறாது என்று பதுளை ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மறுபடியும் பெருமழை வருகிறது என்று காலையிலிருந்து ரேடியோவில் சொல்கிறார்கள்.

அதற்குத்தான் ஜெனரேட்டர். அண்ணனின் மனைவி தனுஜா அக்கா போன் பண்ணியபோது, வர முடியாது என்று சொல்லத்தான் நினைத்தேன். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மழையில் நனையுமே, கராஜுக்குள்ளேயே வைத்துவிடலாம் என்றார் மர்ஸூக் முதலாளி. நான் ஒத்துக்கொள்ளவில்லை. அடைத்த அறையில் அந்தப் புகை ஆளைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும். கதவுக்கும் ஜன்னலுக்கும் எட்டாத தூரத்தில் தகரம் போட்டு வைத்தேன். எர்த் கம்பியை மண்ணில் ஆழமாக அடித்தேன்.

கராஜ் சுவரில் சேஞ்ச் ஓவர் சுவிட்ச். வீட்டிலிருந்து வரும் லைன் ஒரு பக்கம், ஜெனரேட்டர் லைன் மறுபக்கம். ஒன்றைப் போட்டால் மற்றது அறுந்துவிடும். இரண்டும் ஒருபோதும் சேராது.

ஒவ்வொரு ஸ்குரூவையும் இறுக்கினேன். கழற்றினேன். திரும்ப இறுக்கினேன். அந்தக் குளிரிலும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

தனுஜா அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். என் முகம் வேர்த்திருப்பதைப் பார்த்தார்.

"காய்ச்சலா தம்பி? முடியாத நேரத்துலயும் எவ்வளவு பார்த்துப் பார்த்து செய்றீங்க. அன்னைக்கும் இப்பிடி ஒருத்தரு இருந்திருந்தா..."

முடிக்காமல் முற்றத்தைக் கடந்து வீட்டுக்குப் போய்விட்டார். தேத்தண்ணி ஆறிப்போனது.

மெயினைத் தூக்கிவிட்டேன். வீட்டுக் கரண்டில் கராஜ் பல்ப் எரிந்தது. அப்பாடா என்று மூச்சுவிட்ட அடுத்த நிமிடமே அணைந்தது.

வெளியே எட்டிப் பார்த்தேன். ரோட்டோரத்தில் லைன்காரர்களின் வாகனம். மழைக்கு முன்னால் கிளை வெட்ட வந்திருந்தார்கள். லைனை நிறுத்தியிருந்தார்கள்.

எங்களுக்குக் கரண்ட் வருகிற அதே போஸ்டில் ஒருவர் ஏறிக்கொண்டிருந்தார்.

மெத்தை மெல்ல இறங்கத் தொடங்கியது.

ஓடிப்போய்க் கயிற்றை இழுத்து ஜெனரேட்டரை ஸ்டார்ட் செய்தேன். திரும்பி வந்து சுவிட்சின் முன்னால் நின்றேன். போஸ்டில் இருந்தவர் இப்போது உச்சியில். வெறுங்கையால் கம்பியை விலக்கிக்கொண்டிருந்தார்.

"போடு தம்பி," என்றார் அண்ணன்.

கண்ணை மூடிக்கொண்டு போட்டேன்.

பல்ப் எரிந்தது. மெத்தை மோட்டர் முனகியது. வீட்டு லைன் வரும் பக்கம் டெஸ்டரை வைத்து அதன் குட்டி விளக்கைப் பார்த்தேன். இருட்டு. நான்கு முறை வைத்தேன். இருட்டு. வாசலுக்கு ஓடினேன்.

போஸ்டில் இருந்தவர் கீழே நின்றவரிடம் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"தினேஸு," என்று அண்ணன் பின்னாலிருந்து கூப்பிட்டார். குரலில் கோபம் இல்லை. "போஸ்ட்டு மேல இருந்தா எல்லா வீட்டு வாசலும் தெரியும். அன்னைக்கு அந்த வீட்டுல இருந்து நீ மிச்ச வயரைச் சுத்திக்கிட்டு வெளிய வந்ததைப் பார்த்தேன்."

இரண்டு முனையிலும் ப்ளக் வைத்த வயர். பத்து நிமிட வேலை. மெயினை இறக்கச் சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை. மேலே ஆள் இருக்கிறதா என்று நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"பொலிஸுல ஏன் சொல்லல அண்ணே?"

அண்ணன் சுவரிலிருந்த சுவிட்சைக் கண்ணால் காட்டினார்.

"உன்னையத்தான் கூப்பிடணும்னு நான்தான் சொன்னேன். வேற எவன் வந்திருந்தாலும் வேலைய முடிச்சிட்டுப் போயிருப்பான். இவ்வளவு பயந்து செஞ்சிருக்க மாட்டான்."

மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"தனுஜாவுக்குத் தெரியாது. அத நீயே சொல்லிரு."

முற்றத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. வாசலில் நிழல் விழுந்தது.

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன்.

"அக்கா," என்றேன்.