மேட்டில் மட்டும்

காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவர் மாதிரி வேனைச் சுற்றிச் சுற்றி வந்தார் டிரைவர்.

வேனின் முன்மூடி திறந்து நின்றது. அதற்குள் பாதி உடம்பை விட்டிருந்தான் மொட்டை. தலை நிறைய முடி உள்ள மெக்கானிக்குக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டால் அரை நாள் கதை சொல்வான். இன்று கேட்கத்தான் யாருக்கும் நேரமில்லை.

"ரேஸ் பண்ணும்மா."

ஸ்டீயரிங்கில் உட்கார்ந்திருந்த டிரைவரின் மகள் மிதித்தாள். கல்யாணத்துக்கு முன்னால் அப்பாவின் லோடுகளில் பாதியை ஓட்டியவள் அவள்தான். எவ்வளவு மிதிக்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

எஞ்சின் உறுமியது. உறுமலுக்கு அடியில் உஸ்ஸென்று ஒரு சத்தம். பின்னால் கரும்புகை.



பின்னால் மகளின் பெட்டி இருந்தது. மதியத்துக்குள் அவளைப் புகுந்த வீட்டில் கொண்டுவந்து விடுவதாகச் சம்பந்தியிடம் வாக்குக் கொடுத்திருந்தார். ஏற்கெனவே இரண்டு முறை கொடுத்துத் தவறிய வாக்கு. இரண்டு முறையும் மேட்டுச்சாலையில் பாதி ஏறியதுமே வேன் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றுவிட்டது. "வண்டி மேலயே பழியைப் போடாதீங்க. நாளைக்கும் வரலன்னா, அப்புறம் கூட்டிட்டே வரவேணாம்" என்று சம்பந்தி நேற்று போனில் முகத்தில் அடித்த மாதிரிச் சொல்லிவிட்டார்.

இன்றும் அதே மேடு. அதே மூச்சு வாங்கல். உருட்டாத குறையாக மொட்டையிடம் இறக்கிக்கொண்டு வந்திருந்தார்.

"டர்போ போச்சு, அதானே? எனக்குத் தெரியும்" என்றார் டிரைவர். கெட்ட செய்தியை அடுத்தவர் வாயிலிருந்து கேட்பதைவிடத் தாமே சொல்லிவிடுவது அவருக்குச் சுலபம்.

மொட்டை தலையைக்கூட நிமிர்த்தாமல் எஞ்சினை அணைக்கச் சொன்னான். டர்போவுக்குக் காற்று போகும் குழாயைக் கழற்றினான். உள்ளே விரலை விட்டு, அந்தச் சின்ன விசிறியை அசைத்துப் பார்த்தான். ஆட்டம் இல்லை. சுண்டிவிட்டான். நின்று நிதானமாகச் சுற்றியது. விரலில் எண்ணெய்கூட ஒட்டவில்லை.

"டர்போ கல்லு மாதிரி இருக்குண்ணே."

"அப்புறம் என்னதான்டா அதுக்குக் கேடு?"

குழாயை மாட்டிவிட்டு மறுபடியும் எஞ்சினைப் போட்டு ரேஸ் பண்ணச் சொன்னான். டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸைக் கையால் பிடித்துக்கொண்டான். காற்று ஏற ஏற ஹோஸ் கைக்குள் விறைக்க வேண்டும். அது தொளதொளவென்றே கிடந்தது.

அட்டையை விரித்து வேனுக்கு அடியில் நுழைந்தான்.

டிரைவரின் சட்டைப்பையில் போன் துடித்தது. சம்பந்திதான். எடுக்கவும் தைரியமில்லை, அணைக்கவும் தைரியமில்லை.

"கீழ ஹோஸ் கிளிப் லூசா இருக்குண்ணே. காத்து பூரா இங்கதான் வெளிய போகுது. எப்படி மேடு ஏறும்?"

டிரைவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. போயும் போயும் ஒரு கிளிப்! "முறுக்கு, முறுக்கு. இப்பக் கிளம்பினாக்கூட நேரத்துக்குப் போயிடலாம்."

அடியிலிருந்து முறுக்கும் சத்தம் வரவில்லை.

"நடுவுல இதை நீங்க கழட்டினீங்களா?"

"நான் எங்கப்பா தொட்டேன்? அங்க ஒரு கிளிப் இருக்கறதே நீ சொல்லித்தான் ஞாபகம் வருது."

"இதைச் சுத்தி எல்லாம் அழுக்கு அப்பிக் கிடக்கு. இந்தத் திருகு மட்டும் அடிக்கடி கழட்டி முறுக்கின மாதிரி பளபளன்னு இருக்கு. வண்டி எப்பல்லாம் மக்கர் பண்ணுச்சு?"

"போன மாசம் இவளைக் கொண்டுபோய் விடப் போனப்ப. மறுபடியும் இவளைக் கூட்டிட்டுப் போனப்ப. அப்புறம் இன்னைக்கு."

"மத்த நாள்ல?"

"மத்த நாள்ல ஒரு குறையும் கிடையாது!" டிரைவருக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "தண்ணி கேனைக் கழுத்து வரைக்கும் ஏத்திக்கிட்டு அதே மேட்டுலதான் தினம் போறேன். குதிரை மாதிரி ஏறு..."



கதவோரம் நின்றபடி மகளைப் பார்த்தார். அவள் நேர் எதிரே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே திறந்து நின்ற மூடியைத் தவிர ஒன்றுமில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

பெட்டியோடு அவள் பிறந்த வீட்டுக்கு வந்த அன்று, "என்னம்மா, சண்டையா?" என்று கேட்டிருந்தார். அவள் வாயைத் திறப்பதற்குள், "எல்லா வீட்லயும் இருக்கறதுதான்" என்று பதிலையும் அவரே சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அவளும் வாயைத் திறக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. அதை நினைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட அதிகமாகப் பயமாக இருந்தது.

மொட்டை வெளியே வந்தான். யார் முகத்தையும் பார்க்காமல் கையைத் துடைத்துக்கொண்டான். ஸ்குரூ டிரைவரை டிரைவர் கையில் வைத்தான்.

"நான் ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேண்ணே."

கிளிப்பை முறுக்கினானா என்று டிரைவர் கேட்கவில்லை.

போன் மறுபடியும் துடித்தது. இந்த முறை எடுத்து, யார் என்றுகூடப் பார்க்காமல் அணைத்தார். சுற்றிக்கொண்டு போய்ப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார். எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை.

"அங்க என்னம்மா நடக்குது?"

கேட்டுவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தார்.

மகள் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தாள்.

"எதுலேர்ந்து சொல்லட்டும்ப்பா?"