முகதாட்சண்யம்

"ரெக்கார்டிங் ஓடுது. படிங்க கவிஞரே" என்றாள்.

போனில் அந்தப் பக்கம் கார்க் கண்ணாடி ஏறும் சத்தம் கேட்டது.

அவர் மெக்கானிக். பட்டறையில் சுத்தியல் ஓயும் நேரம் என்று ஒன்று கிடையாது. அதனால் வெள்ளிக்கிழமை மதியம், ரிப்பேருக்கு வந்து நிற்கும் ஏதாவது ஒரு காருக்குள் ஏறி, நான்கு கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டு உட்கார்ந்துகொள்வார். இதைவிட நல்ல ஒலிப்பதிவுக்கூடம் எவன் வைத்திருக்கிறான் என்று கேட்பார்.

அவளுடைய கூடம், துணி அலமாரி. கதவைத் திறந்து, தொங்கும் துணிகளுக்கு நடுவே மைக்கை வைத்து, தலையோடு ஒரு போர்வையைப் போர்த்திக்கொள்வாள். எதிரொலி அடங்கிவிடும். அண்ணி அந்த ஒரு மணி நேரம் மிக்ஸியைத் தொடமாட்டாள். "அலமாரிக்குள்ளயே குடித்தனம் நடத்து" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவாள்.

ஆறு வருடமாக இப்படித்தான். ஒருவர் தன் கவிதையைப் படிப்பார், மற்றவர் கிழிப்பார். அதை அவள் வெட்டி ஒட்டி இணையத்தில் ஏற்றுவாள். ஒரு முந்நூறு பேர் கேட்பார்கள்.

இருவரும் ஒரே ஊர்தான். அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்திலிருந்து பட்டறைக்கு முக்கால் மணி நேரம்.

நேரில் பார்ப்பதில்லை என்பது முதல் வாரமே அவர் போட்ட நிபந்தனை. பார்த்துவிட்டால் முகதாட்சண்யம் வந்துவிடுமாம். அப்புறம் உங்கள் கவிதை மோசம் என்று எப்படிச் சொல்வது என்று கேட்டார். அவள் சிரித்துக்கொண்டே சரி என்றாள்.

சிரித்துக்கொண்டே சொன்ன அந்தச் சொல்லை அவளால் இன்றுவரை திரும்ப வாங்க முடியவில்லை.

பதிவில் விழும் அவர் மூச்சுகளை வெட்டுவதும் அவள் வேலைதான். சளி பிடித்த மூச்சு, ஓடி வந்து காருக்குள் ஏறிய மூச்சு, பிடிக்காத கவிதையைப் பாராட்டுவதற்கு முன் இழுக்கும் மூச்சு என்று எல்லாம் அவளுக்கு அத்துப்படி. வெட்டியவற்றை அழிப்பதில்லை. தனியாக ஒரு கோப்பில் சேர்த்துவைத்திருக்கிறாள். யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அண்ணி டாக்டரிடம் கூட்டிப்போவாள்.

காகிதம் பிரியும் சத்தம். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்.

பிரேக் பிடிக்கவில்லை என்று
எழுதி நீட்டினாள் பேசாதவள்.
உதடு பார்த்துப் படிப்பாள் என
ஒவ்வொரு சொல்லாய்ச் சொன்னேன்.
அவள் போன பிறகுதான் கேட்டது
இத்தனை நாள் என் பட்டறை போட்ட சத்தம்.

கவிதை முடிந்த மூன்றாவது நொடியில் அவள் ஏதாவது கேட்பது வழக்கம். மூன்று நொடி போயிற்று. ஏழு போயிற்று. போர்வைக்குள் அவளுக்கு வியர்த்துக் கொட்டியது.

"என்ன டாக்டரம்மா, கிழிக்க ஒண்ணும் கெடைக்கலையா?"

அவள் வெள்ளைக் கோட்டு போட்டு வேலை பார்க்கிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து அவருக்கு அவள் டாக்டரம்மா.

"'இத்தனை நாள்' வேணாம், வெட்டிடுங்க" என்றாள், எதையாவது சொல்லியாக வேண்டுமே என்று. "அது இருந்தா நீங்க ஏங்குறது தெரிஞ்சுடும்."

"தெரியட்டுமே."

எப்போதும் அந்தக் குரலின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் கேலி இப்போது இல்லை.

நிஜமாகவே நடந்ததா என்று கேட்டாள். ஒவ்வொரு வாரமும் கேட்கும் கேள்விதான்.

நடந்ததுதான் என்றார் அவர். ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தாளாம். என்ன ஆயிற்று என்று கேட்டதற்குத் தொண்டையைத் தொட்டுக் காட்டிவிட்டு, எழுதியிருந்த காகிதத்தை நீட்டினாளாம். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வாடிக்கையாளருக்கு ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன் என்றார். பிரேக் ஒயர் மாற்றப் பத்து நிமிடம் போதும். அன்றைக்கு முக்கால் மணி நேரம் ஆக்கினேன் என்றார்.

"அவ்வளவு நேரமும் என் மொகத்தையே பாத்துட்டு இருந்தாங்க. உதட்டப் படிக்கிறாங்கன்னு நெனச்சுக்கிட்டேன்."

அடுத்த வாரமும் வந்தாளாம். ஹாரன் அடிக்கவில்லை என்று எழுதிக் காட்டினாள். அமுக்கிப் பார்த்தால், தெருவே திரும்பிப் பார்க்கும்படி அலறியது.

அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"அவ்வளவுதாங்க. ரெண்டே தடவ. அப்புறம் வரவே இல்ல."

திரையில் ஒலிக்கோடு நூல் பிடித்ததுபோலத் தட்டையாக ஓடியது.

இந்த மௌனத்தை வெட்டிவிடலாம். நல்ல கவிதை, நன்றி, அடுத்த வாரம் சந்திப்போம் என்று முடித்துவிடலாம். ஆறு வருடமாக அவள் பிசகில்லாமல் செய்துவரும் வேலைதான் அது.

சமையலறையில் அண்ணி ஏதோ பாத்திரத்தைச் சத்தம் வராமல் வைக்கப் பார்த்து, தவறவிட்டாள்.

அவள் தலையிலிருந்து போர்வையை விலக்கினாள். மைக்குக்கு மிக அருகில் வந்தாள்.

"மூணு தடவ" என்றாள். "போன செவ்வாக்கிழமையும் வந்தேன். கடை பூட்டியிருந்துச்சு."