பிளக்கின் வெளுத்த முகம்

எந்த ஊர் வண்டியோ, ஒரு பழைய பிக்கப் நின்ற இடத்திலேயே குலுங்கிக் குலுங்கி இருமிக்கொண்டிருந்தது. “கார்புரேட்டரைக் கழற்றிக் காயலான் கடையில போட வேண்டியதுதான்” என்றார் மெக்கானிக் எபனேசர். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டும் கார்புரேட்டர், உடனே ஸ்பார்க் பிளக்கின் மேல் பாய்ந்தது:

“ஏலே பிளக்கு, மூஞ்சி ஏன் வெளுத்துக் கிடக்கு? என்ன திருட்டுத்தனம் பண்ணினே?”

“நீங்க அரைவயித்துக்கு பெட்ரோல் ஊத்தினா வெளுக்காம என்ன செய்யும் அண்ணாச்சி?”

பக்கத்து ரப்பர் குழாய், “உஸ்ஸ்... அண்ணாச்சி சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றது. கார்புரேட்டருக்கு உச்சி குளிர்ந்துபோனது.

எபனேசர் அந்த உஸ்ஸைக் கேட்டுவிட்டார். குழாயின் வெடிப்பில் விரலை வைத்து அழுத்தினார். திருட்டுத்தனமாக உள்ளே போன காற்று நின்றது, எஞ்சின் சீரானது.

அன்றைக்கே புதுக் குழாய் வந்தது. கார்புரேட்டர் அதன் காதோடு சொன்னது: “தம்பி, அந்த பிளக்கு மேல மட்டும் ஒரு கண்ணு வச்சுக்க.”