விட்டுப்போன எஸ்

பெண்கள் வரிசையில் இருந்த அந்தம்மா மறுபடியும் நோட்டில் எதையோ எழுதிக்கொண்டாள். எழுதி முடித்ததும் நிமிர்ந்து வாத்தியாரை ஒரு பார்வை பார்த்தாள். வாத்தியார் அவசரமாகக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

காரணம் இல்லாமல் இல்லை. "படிக்க வந்த ஆள் மாதிரி ஒருத்தரை உட்கார வெச்சு உங்க க்ளாஸைக் கவனிப்பேன். யாருன்னு மட்டும் சொல்ல மாட்டேன்" என்று பயிற்சி நிலைய முதலாளி முதல் நாளே சொல்லியிருந்தார். பக்கத்து அறை டீச்சருக்குச் சீட்டுக் கிழிந்தது அப்படித்தான். இரண்டு வருடம் அலைந்து கிடைத்த வேலை இது, இதுவும் போனால் வாத்தியாருக்குப் போக்கிடம் கிடையாது.

அன்றைய பாடம் ஒருமை, பன்மை. ஒருவர் செய்தால் வினைச்சொல்லின் வாலில் ஒரு எஸ், பலர் செய்தால் வேண்டாம். ஆங்கிலம் பேசப் பழக வந்த பெரியவர்கள் பன்னிரண்டு பேரும் அந்த ஒற்றை எழுத்தோடு ஒரு மாதமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க சொல்லுங்கம்மா" என்றார் வாத்தியார்.

அந்தம்மா எழுந்தாள். "மை பிரதர் வொர்க் இன் எ பேங்க்."

"பிரதர் ஒருத்தர்தானே? எஸ் வேணாமா?"

"அட, மறந்தே போச்சு சார்" என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்த நாக்குக்கடி வாத்தியாருக்குப் பிடிக்கவில்லை. ஒத்திகை பார்த்துவிட்டு வந்த மாதிரி இருந்தது.

அடுத்து ஆண்கள் வரிசையில் தச்சர். மேஸ்திரி ஆக வேண்டுமானால் ஆங்கிலத்தில் பேசிக் காட்ட வேண்டும் என்று பட்டறையில் சொல்லிவிட்டார்களாம். சட்டையில் ஒட்டிய மரத்தூளோடு நேரே அங்கிருந்து வருகிறவர்.

"மை சிஸ்டர் வொர்க்... வொர்க்ஸ்?"

"கரெக்ட்."

தச்சருக்குத் தெம்பு வந்துவிட்டது. "ஆனா சார், ஆள் கூடினா ஆளுக்கு எஸ்ஸுங்கிறீங்க. ஆள் ஒண்ணுன்னா வேலைக்கு எஸ்ஸுங்கிறீங்க. ஒரே ஆணியைப் பிடுங்கிப் பிடுங்கி இடம் மாத்தி அடிக்கிறாப்பல இருக்கே?"

வகுப்பே சிரித்தது. அந்தம்மா மட்டும் சிரிக்காமல் நோட்டைத் திறந்தாள்.

வாத்தியாருக்குச் சந்தேகம் வந்தது போன செவ்வாய்க்கிழமை. அன்று நல்ல மழை. தச்சரையும் சேர்த்து ஐந்து பேர் வரவில்லை. வந்தவர்களுக்கு ஒரு பரீட்சை வைத்தார். எவ்ரிபடி என்றால் எல்லாரும்தான், ஆனாலும் ஆங்கிலக்காரன் கணக்கில் அது ஒற்றை ஆள். கரை கண்டவர்களே வழுக்கி விழுகிற அந்த இடத்திலும் அந்தம்மா அசையவில்லை. இருபதுக்கு இருபது வாங்கினாள். அடுத்த வகுப்பிலேயே ஒன்றும் தெரியாதவள்போல, "எவ்ரிபடி ஆர் ஹியர்" என்றாள். யாரிடம் காது குத்துகிறாள்?

மணி அடித்தது. எல்லோரும் படியிறங்கினார்கள்.

"நீங்க கொஞ்சம் இருங்கம்மா." வாத்தியார் கதவை ஒருக்களித்தார். "சுத்தி வளைக்காமக் கேக்குறேன். உங்களுக்கு இங்கிலீஷ் நல்லாத் தெரியும். எதுக்கு இந்த நாடகம்?"

அவள் முகம் வெளிறிப்போனது. நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அதைக் குடுங்க. என்னைப் பத்தி என்ன எழுதி வெச்சிருக்கீங்கன்னு பாக்கணும். வேலை போறதா இருந்தா தெரிஞ்சே போகட்டும்."

"உங்களைப் பத்தியா?" அவள் நிஜமாகவே விழித்தாள். கொஞ்சம் தயங்கி, நோட்டை நீட்டினாள்.

வாத்தியார் அவசர அவசரமாகப் புரட்டினார். முத்து முத்தான ஆங்கிலம். தேதி போட்டு, ஒரு பிழைகூட இல்லாமல் எழுதியிருந்தாள். ஆனால் வாத்தியாரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பக்கம் பக்கமாகத் தச்சர்தான். நியூஸ் என்ற சொல்லுக்குத் தச்சர் 'ஆர்' போட்டது, எவ்ரிபடியில் தடுக்கியது, நேற்று யாரும் கேட்காமலே அவர் கை தூக்கியது வரை இருந்தது.

வாத்தியாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே குழப்பமும் வந்தது.

"தச்சர் பண்ற தப்பெல்லாம் உங்களுக்கு எதுக்கும்மா? அதையே எடுத்து வெச்சு நீங்களும் ஏன் சொல்றீங்க?"

அவள் எட்டிப் படிக்கட்டைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மெதுவாப் பேசுங்க சார், கீழதான் நிக்கிறார்... படிச்ச நானே தடுமாறுறேன்னு நம்பித்தான் என் வீட்டுக்காரர் வாயையே திறக்கிறார்."