பிப்ரவரி மாதத்துக் குமிஸ்

குடித்துவிட்டு வந்தவனைப் பார்த்த உடனே உங்களால் சொல்ல முடியுமா?

என்னால் முடியும். இருபத்திரண்டு வருஷமாக எங்கள் பஸ் டிப்போவுக்கு நான்தான் நர்ஸ். காலை ஐந்தரைக்கு டிரைவர்கள் என் மேஜை முன்னால் வரிசையில் நிற்பார்கள். நாடி பார்த்து, பிரஷர் பார்த்து, மெஷினில் ஊதச் சொல்வேன். டிரிப் ஷீட்டில் என் சீல் விழுந்தால்தான் பஸ் டோலோன் கணவாய் ஏறி தலைநகர் பிஷ்கெக் போகும்.

மெஷினெல்லாம் எனக்கு அப்புறம்தான்.

வாடை தெரியாமலிருக்க பிரிஞ்சி இலையை மென்றுகொண்டு வருகிறவனை வாசலிலேயே தெரிந்துவிடும். நல்ல நாளிலேயே வாய் திறக்காதவன் அன்றைக்கு என் முட்டிவலியை விசாரிப்பான்.

போன மாதம் முகாஷ் மழமழவென்று ஷேவ் செய்து, புதுச் சட்டை போட்டு, மாப்பிள்ளை மாதிரி வந்தான். ஊதுவதற்கு முன்பே வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டேன்.

"நீங்க நர்ஸா, போலீஸ் நாயாக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

கோடையில் மட்டும் கொஞ்சம் பொறுமை காட்டுவேன். மேய்ச்சல் மலையில் எந்தக் கூடாரத்துக்குப் போனாலும் ஒரு கிண்ணம் குமிஸ் நீட்டுவார்கள். புளித்த குதிரைப்பால்தான், ஆனாலும் மெஷின் கத்தும். வாயைக் கொப்பளித்துவிட்டு இருபது நிமிஷம் உட்காரச் சொல்வேன். மறுபடி ஊதினால் பூஜ்யம் காட்டும். வோட்கா என்றால் காட்டாது.

சகின்பெக்கை மட்டும் உட்கார வைப்பதில்லை. முதல் பஸ் அவருடையது. முப்பத்தெட்டுப் பேர் காத்திருப்பார்கள். மெஷின் கத்தினால் ரிஜிஸ்டரில் 'குமிஸ்' என்று எழுதி, சீல் வைத்து அனுப்பிவிடுவேன். டிப்போவிலேயே பொறுப்பான டிரைவர் அவர்தான்.

பிப்ரவரியில் ஒரு மத்தியானம், நிரம்பிப்போன ரிஜிஸ்டரை எடுத்துப்போக ஆபீஸிலிருந்து அனார்குல் வந்தாள். நின்றபடியே பக்கங்களைப் புரட்டினாள். ஜூலை, அக்டோபர், டிசம்பர், அன்று காலை.

பிறகு போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"ஏன்க்கா, ஊர்ல எல்லாக் குதிரைக்கும் செப்டம்பரோட பால் வத்திப்போச்சு. உங்க வீட்டுக்காரருக்கு மட்டும் எது இன்னும் கறக்குது?"

ரிஜிஸ்டரை வாங்கிப் பார்த்தேன். எல்லாம் என் கையெழுத்துதான். கோணாமல், அடித்தல் திருத்தல் இல்லாமல், பள்ளிக்கூடத்துப் பெண் எழுதியது போல அழகாக இருந்தது. பொய் எழுதுகிறோம் என்று ஒரு நாள்கூட எனக்குத் தோன்றியதில்லை.

சாயங்காலம் சகின்பெக் வீட்டுக்கு வந்தார். டீக் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். குளிருக்கு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். கிண்ணம் அவர் பல்லில் பட்டுப் பட்டுச் சத்தம் போட்டது.

ரோடு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கணவாய் முழுக்க ஐஸ், சக்கரம் நிற்கவே மாட்டேன் என்கிறது, ஆனால் தன் கை இருக்கும்வரை பயமில்லை என்றார்.

மறுநாள் காலை அவரை உட்கார வைத்தேன். இருபது நிமிஷம் கழித்தும் மெஷின் கத்தியது. பிஷ்கெக் பஸ் ஐம்பது நிமிஷம் தாமதமாக வேறு டிரைவரோடு கிளம்பியது.